சொட்டைக்குத் தினமும் ஒரு மாத்திரை: ஃபினாஸ்டிரைடு போடும் முறை

ஃபினாஸ்டிரைடு முக்கியமாக, தலையில் மிஞ்சியிருக்கும் முடியைக் காப்பாற்றும் மாத்திரை. பளபளவென்று ஆகிவிட்ட இடத்தில் அது முடியை முளைக்க வைக்காது. ஆகவே உச்சி மெலியத் தொடங்கும்போதே யோசிக்க வேண்டிய மருந்து இது. பத்து வருடம் கழித்து அல்ல.

கொட்டுவது ஆண்வழுக்கைதானா என்று முதலில் தோல் மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள். டெங்கு, டைபாய்டு வந்துபோன இரண்டு மூன்று மாதத்தில் தலை முழுக்கக் கொத்துக்கொத்தாகக் கொட்டும். பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும். காசு அளவில் வட்டமாக விழுந்தால் அது புழுவெட்டு. இவற்றுக்கு இந்த மாத்திரை பயன்படாது. நெற்றியின் இரு ஓரமும் உச்சியும் வருடக்கணக்கில் மெல்ல மெல்லத் தேய்ந்தால்தான் இதற்கு வேலை.

உடலில் ஒரு நொதி டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை டிஎச்டி என்ற ஹார்மோனாக மாற்றுகிறது. பரம்பரையாக வழுக்கை வாகு உள்ளவர்களுக்கு அந்த டிஎச்டி முடிவேரைச் சுருக்கி, முடியைப் பூனைமுடியாக்கிவிடுகிறது. மாத்திரை அந்த நொதியைத் தடுப்பதால் ரத்தத்தில் டிஎச்டி ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைகிறது. 1970களில் டொமினிக்கன் குடியரசில், பிறவியிலேயே இந்த நொதி குறைந்த ஆண்களை ஆராய்ந்தபோது அவர்களுக்கு வழுக்கையே விழாதது தெரியவந்தது. மருந்துக்கான யோசனை பிறந்தது அங்கேதான். அமெரிக்காவில் 1992இல் புரோஸ்டேட் (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழுள்ள சுரப்பி) வீக்கத்துக்கு 5 மில்லிகிராமும், 1997இல் வழுக்கைக்கு 1 மில்லிகிராமும் அனுமதி பெற்றன.

அளவு தினமும் 1 மில்லிகிராம். சாப்பாட்டுக்கு முன்னோ பின்னோ, தண்ணீரோடு விழுங்கலாம். மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறைய ஐந்தாறு மணி நேரம்தான் ஆகும். ஆனால் டிஎச்டி ஒரு நாளுக்கு மேலும் தாழ்ந்தே இருக்கும். அதனால் ஒரு மணி நேரம் முன்பின் ஆனால் கவலையில்லை. மறதிதான் எதிரி. பிரஷ் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அட்டையை வைத்து, அதன் பின்புறம் பேனாவால் கிழமையை எழுதிவிடுங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் விட்டதுதான். மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம். கூடுதலாகப் போட்டால் கூடுதலாக முடி வராது.

விலை குறைவு என்று 5 மில்லிகிராம் மாத்திரையை நான்காக உடைப்பவர்கள் நிறைய. கால் துண்டில் 1.25 மில்லிகிராம் இருக்கும். அளவில் பெரிய பிசகில்லை. ஆபத்து உதிரும் தூளில் இருக்கிறது. கர்ப்பிணிகளும், கர்ப்பமாகும் வாய்ப்புள்ளவர்களும் உடைந்த மாத்திரையைத் தொடவே கூடாது. மருந்து தோல் வழியே உள்ளே போனால் ஆண் கருவின் பிறப்புறுப்பு சரியாக உருவாகாமல் போகக்கூடும். உடையாத மாத்திரைக்கு மேல்பூச்சு காவல். வீட்டில் அப்படி யாராவது இருந்தால் உடைக்கும் வேலையே வேண்டாம், 1 மில்லிகிராம் மாத்திரையே வாங்குங்கள்.

தொடங்கும் நாளில் நெற்றி, இரு ஓரம், உச்சி என நான்கு படம் எடுத்துவையுங்கள். அதே அறை, அதே விளக்கு, அதே முடிநீளம், உலர்ந்த தலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் எடுத்தால் போதும். தினமும் கண்ணாடியில் தேடினால் எதுவும் தெரியாது, மனம்தான் சோரும். ஆரம்ப மாதங்களில் சிலருக்கு முன்னைவிட அதிகமாகக்கூடக் கொட்டும். அங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். மூன்று மாதத்துக்கு முன் மாற்றம் தெரிவது அரிது. ஒரு வருடம் முடிந்த பிறகே பலித்ததா என்று முடிவு செய்யுங்கள். கொட்டாமல் அப்படியே நின்றிருந்தாலும் அது வெற்றிதான். நிறுத்தினால் மீட்டது ஒரு வருடத்துக்குள் போய்விடும்.

முடி வளரத் தலையில் பூசும் மினாக்ஸிடில் லோஷனும் சேர்த்துத் தடவலாம். ஆனால் சில லோஷன்களில் ஃபினாஸ்டிரைடும் கலந்திருக்கும். லேபிளைப் படிக்காவிட்டால் ஒரே மருந்து இரண்டு வழியில் உள்ளே போகும்.

பக்கவிளைவுகளை வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். ஆசை குறைவது, விறைப்பு குறைவது, விந்தின் அளவு குறைவது சிலருக்கு வரும். தொடக்க ஆய்வுகளில் ஆசை குறைந்ததாகச் சொன்னவர்கள் 1.8 சதவீதம், மருந்தில்லாத வெற்று மாத்திரை போட்டவர்களிலும் 1.3 சதவீதம் அதையே சொன்னார்கள். நிறுத்தியதும் பெரும்பாலோருக்குச் சரியாகிறது. சிலர் நிறுத்திய பிறகும் நீடிப்பதாகச் சொல்கிறார்கள். மார்பில் வலியோ கட்டியோ தெரிந்தால் உடனே காட்டுங்கள். குழந்தைக்கு முயல்பவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சிலருக்கு விந்தணு எண்ணிக்கை குறைகிறது.

எல்லாவற்றையும்விட மனநிலையைக் கவனியுங்கள். தற்கொலை எண்ணம் இதன் பக்கவிளைவு என்று ஐரோப்பிய மருந்து ஆணையம் 2025இல் உறுதி செய்தது. முன்பு மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்திருந்தால் சீட்டு எழுதும் முன்பே சொல்லுங்கள். இடையில் மனம் இருண்டால் மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள், வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். முடியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஐம்பதை நெருங்குபவர்களுக்கு இன்னொன்று. புரோஸ்டேட் புற்றுநோய்ச் சந்தேகத்துக்கு ரத்தத்தில் பார்க்கும் பிஎஸ்ஏ அளவை இந்த மாத்திரை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்துக் காட்டும். புரோஸ்டேட் பரிசோதனைக்குப் போகும்போது சொல்லாவிட்டால், கவலைப்பட வேண்டிய எண்ணும் சாதாரணமாகத் தெரியும். ரத்ததானமும் கடைசி மாத்திரைக்குப் பிறகு ஒரு மாதமாவது கழித்துத்தான். அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்கும் போகலாம்.