சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர்கள் உடல் எடையைக் குறைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர்க் கோட்டை அகழியை ஒட்டி விடியற்காலையில் நடப்பவர்களில் பலர் மருத்துவர் சொன்ன பிறகு நடக்க வந்தவர்கள். சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, இதய இரத்தக் குழாய் அடைப்பை நீக்க வைத்த ஸ்டென்ட், சிறுநீரகப் பாதிப்பின் தொடக்கம் என்று ஏதோ ஒன்று தெரியவந்த பிறகுதான் எடையைப் பற்றிய கவலை இவர்களைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் அதன்பின் இவர்கள் கைக்கொள்ளும் உணவுமுறையும் உடற்பயிற்சியும் பெரும்பாலும் நோய் ஏதுமில்லாத இளவயதினருக்காகச் சொல்லப்பட்டவை.

எடைக் குறைப்பு வேறு, மாத்திரை வேறு என்று நினைப்பதே இவர்கள் செய்யும் தவறுகளில் மிக ஆபத்தானது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரைகளுக்கும் இன்சுலினுக்கும் மருத்துவர் அளவு குறிக்கும்போது, நோயாளி வழக்கம்போலச் சாப்பிடுவார் என்பதையும் கணக்கில் வைத்தே குறிக்கிறார். ஒருவர் இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, மாத்திரையை மட்டும் பழைய அளவிலேயே விழுங்கி, மறுநாள் வெறும் வயிற்றில் ஒரு மணி நேரம் நடந்தால், இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிவிடக்கூடும். கை நடுங்கி, குளிர்ந்த வியர்வை கொட்டி, பேச்சுக் குழறினால் அந்த இடத்திலேயே உட்கார்ந்து, 15 கிராம் குளுக்கோஸை, அதாவது மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பரிசோதித்து, பிறகு உணவு உண்ண வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இரத்தக் கொதிப்புக்காக அட்டினலால், மெட்டோபிரலால் போன்ற மாத்திரைகளை உண்பவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் வெளிப்படாமல் வியர்வை மட்டுமே எச்சரிக்கையாக இருக்கக்கூடும் என்பதை வீட்டில் இருப்பவர்களும் அறிந்திருக்க வேண்டும். இதே மாத்திரைகள் நாடித்துடிப்பையும் அடக்கிவைப்பதால், கைக்கடிகாரம் காட்டும் துடிப்பு எண்ணை எட்டுவதற்காக நடையை விரைவாக்குவதும் பிழையே. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பெரும்பாலானவர்களுக்கு அந்த அளவு வேகம் போதும்.

இரத்தக் கொதிப்பு மாத்திரையில் தவறு இரு திசையிலும் நடக்கிறது. உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கத் தொடங்கும். 90 கிலோ உள்ளவருக்கு இது நாலரை முதல் ஒன்பது கிலோ. அப்போதும் பழைய அளவிலேயே மாத்திரையைத் தொடர்ந்தால், படுக்கையிலிருந்து எழும்போது தலை சுற்றிக் கீழே விழ நேரிடலாம். மாறாக, கருவியில் 130/80 என்று பார்த்தவுடன் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுபவர்களும் உண்டு. அந்த எண்ணே மாத்திரை தந்தது என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் மாத்திரைகள் வீடு தேடி வருவது பெரிய வசதிதான். ஆனால் எடை குறைந்திருக்கிறது, தலைசுற்றல் வருகிறது என்பதை வருகின்ற பணியாளரிடம் சொன்னால்தான் மருத்துவர் அளவை மாற்றியமைக்க வழி பிறக்கும். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை உண்பவர்கள், அரிசியையும் கிழங்கையும் அறவே ஒதுக்கும் கீட்டோ உணவுமுறையை மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது. சர்க்கரை அளவு இயல்பாகத் தெரியும்போதே இரத்தத்தில் அமிலம் கூடி உயிருக்கு ஆபத்தாகும் நிலை இவர்களுக்கு வரக்கூடும்.

உணவைப் பொறுத்தவரை, நம் வட்டாரத்துக்கே உரிய ஒரு மயக்கம் கேழ்வரகைப் பற்றியது. அரிசிச் சோற்றைவிடக் கேழ்வரகில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் கூடுதல் என்பது உண்மை. ஆயினும் மாவுச்சத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை. நன்றாக அரைத்து நீர்க்கக் காய்ச்சிய கூழ் சர்க்கரையை விரைவாகவே ஏற்றுகிறது. ஆகவே சோற்றை விட்டுவிட்டேன் என்ற நிம்மதியில் இரண்டு உருண்டை களியை உண்பவருக்கு எடையும் குறையாது, சர்க்கரையும் இறங்காது. அரை உருண்டைக் களியும் அதைவிடக் கூடுதலாகக் கீரைக் கடைசலும் என்று தட்டை மாற்றினால் பயன் தெரியும். களிக்குத் தொட்டுக்கொள்ளும் கருவாட்டில் உள்ள உப்பு இரத்தக் கொதிப்புக்காரருக்கு ஆகாது. வேகவைத்த மணிலாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை, நல்ல உணவுதான். ஆனால் வறுத்ததை நூறு கிராம் கொறித்தால் ஐந்நூறு கலோரிக்கு மேல் சேர்ந்துவிடும், ஒரு மணி நேர நடையில் செலவாவதோ ஏறத்தாழ அதில் பாதிதான். ஆம்பூர் பிரியாணியை வாழ்நாள் முழுவதும் துறக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அப்படி நோன்பு பூணுபவர்கள் சில வாரங்களில் அதை முறித்து இரு மடங்காக உண்பதே வழக்கம்.

பட்டினி கிடந்து மாதம் பத்துக் கிலோ குறைப்பது பெருமைக்குரியதன்று. வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைவதே பாதுகாப்பானது. அதைவிட வேகமாகக் குறைந்தால் பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பு கூடும், கொழுப்போடு தசையும் கரையும். எடைக் கருவியை மட்டும் நம்பாமல் இடுப்புச் சுற்றளவையும் அளந்துவர வேண்டும். இந்தியர்களுக்கு அது ஆண்களில் 90 சென்டிமீட்டரும் பெண்களில் 80 சென்டிமீட்டரும் தாண்டக் கூடாது.

கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், வியர்வை கொட்டினால் கொழுப்பு கரைகிறது என்று நம்பிப் பிற்பகலில் நடப்பவர்களைப் பார்க்கும்போது அச்சமே ஏற்படுகிறது. வியர்வையில் போவது நீரும் உப்பும்தான். சிறுநீர் பிரியும் மாத்திரை உண்பவர்களுக்கு இந்த இழப்பு இரட்டிப்பாகும். அதற்காக நாளொன்றுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்ற பொது அறிவுரையை, இதயச் செயலிழப்பு உள்ளவர்களும் சிறுநீரக நோயாளிகளும் பின்பற்றலாகாது. அவர்களுக்குக் குடிக்கும் நீருக்கே மருத்துவர் அளவு வைத்திருப்பார். இளநீரில் பொட்டாசியம் மிகுதியாக இருப்பதால், சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் தாகத்துக்கு அதை நாடுவதும் ஆபத்து.

நரசிம்மர் கோயில் உள்ள சோளிங்கர் பெரிய மலையின் ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட படிகளைப் பயிற்சியாகக் கருதி ஏறத் தொடங்குபவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்களாக இருந்தால், அதற்கு முன் இதயத்தின் தாங்குதிறனைப் பரிசோதித்துக்கொள்வது கட்டாயம். படியேறும்போது நெஞ்சில் பாரம் வைத்தது போன்ற அழுத்தமும் தாடையிலோ இடக் கையிலோ வலியும் வந்தால், வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்துக் காத்திருக்காமல் 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். நீண்ட நாள் சர்க்கரை நோயாளிக்கு வலியே தெரியாமல், மூச்சுத் திணறலும் காரணமற்ற வியர்வையும் மட்டுமே மாரடைப்பின் அடையாளமாக இருக்கலாம்.

வேண்டுதலுக்காக வெறுங்காலுடன் சூடேறிய படிகளில் ஏறுவது, பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குப் பெருங்கேடு. வலி தெரியாததால்தான் காயம் புண்ணாகி விரலைப் பறிக்கிறது என்பதைத் தொழுநோயாளிகளிடம் கண்டறிந்து விளக்கிய மருத்துவர் பால் பிராண்ட் பணியாற்றியது இதே வேலூரின் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில்தான். சர்க்கரை நோயாளியின் பாதத்துக்கும் அது அப்படியே பொருந்தும். பாதத்தை உறுத்தாத மென்மையான ரப்பரால் ஆன எம்சிஆர் செருப்பு அணிந்து நடப்பதும், இரவில் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்ப்பதும் நடைப்பயிற்சியின் பகுதிகளே.

உடற்பயிற்சிக் கூடத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். வாரம் இருமுறை தசைப் பயிற்சி தேவைதான். மூச்சை அடக்கிக்கொண்டு பெரும் பளுவைத் தூக்குவது இரத்த அழுத்தத்தை நொடியில் ஏற்றும்; விழித்திரை பாதிக்கப்பட்டவருக்குக் கண்ணுக்குள் இரத்தக் கசிவையும் உண்டாக்கலாம். ஓய்வில் இருக்கும்போதே அழுத்தம் 180/110 அளவில் இருந்தால் அன்று பயிற்சி வேண்டாம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் இரத்தத்தில் கூடியிருப்பவர்கள் புரதப் பொடியை மருத்துவரின் அனுமதியின்றித் தொடக் கூடாது. 2025-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த டிர்செபடைடு போன்ற எடைக் குறைப்பு ஊசிகளையும் நண்பர் சொன்னார் என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கலாகாது. கணைய அழற்சி வந்தவர்களும், குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் உள்ளவர்களும் அதை முதலிலேயே சொல்லியாக வேண்டும்.

மருத்துவரிடம் செல்லும்போது வாரந்தோறும் குறித்த எடை, இரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை ஆகியவற்றின் குறிப்பேட்டோடு, உண்ணும் மாத்திரை அட்டைகள் அனைத்தையும் எடுத்துச் செல்ல வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய சிறுகுறிஞ்சான் பொடியையும் மறைக்கலாகாது. அதுவும் சர்க்கரையை இறக்கும் என்பதால், கிளிமிபிரைடின் அளவைத் தீர்மானிக்கும்போது மருத்துவர் அதையும் சேர்த்தே கணக்கிட வேண்டியிருக்கும்.