லாரி வெள்ளிக்கிழமைதான் வந்தது: வேலைக்காக ஊர் மாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோயம்புத்தூரிலிருந்து புனேவுக்குச் சாலை வழியாக ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். சேலம், கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூரு. அங்கே 48-ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்தால் சித்ரதுர்கா, ஹூப்ளி, பெளகாவி, கோலாப்பூர், சாத்தாரா என்று புனே வரை அதே சாலைதான். புனேயை அடுத்த சாக்கன் பக்கம் என் கணவருக்கு வேலை கிடைத்தபோது நாங்கள் பயந்தது இந்தத் தூரத்துக்கு. கடைசியில் சாலை எங்களை ஒன்றும் செய்யவில்லை. நாங்கள் தேதி குறித்த விதம்தான் படுத்தியது.

சனிக்கிழமை லாரியில் சாமான் ஏற்றுவது, மாலையே காரில் கிளம்புவது, ஞாயிறு இரவு புது வீடு, திங்கள் காலை அவர் வேலையில் சேருவது. இதுதான் திட்டம். லாரி புனே வந்து சேர்ந்தது அடுத்த வெள்ளிக்கிழமை. நாங்கள் பேசியிருந்தது பார்ட் லோடு. நம் சாமானோடு இன்னும் நாலு வீட்டுச் சாமான் சேர்ந்தால்தான் வண்டி நகரும். நடுவில் கிடங்கில் இறங்கி வேறு லாரிக்கு மாறினாலும் மாறும். வாடகை குறைவாக இருப்பதே அதனால்தான். இது தெரிந்திருந்தால் வேலையில் சேரும் தேதியை ஒரு வாரம் தள்ளிக் கேட்டிருப்போம். கேட்கக் கூச்சம், வேறென்ன.

அதனால் முதல் வாரத்துக்கு வேண்டியதெல்லாம் காரில் வரட்டும். இன்டக்‌ஷன் அடுப்பு, குக்கர், இரண்டு தட்டு, பாய், போர்வை, வாளி, மருந்து. நகையையும் அசல் சான்றிதழ்களையும் லாரியில் ஏற்றவே கூடாது. அதற்காகப் பின்கண்ணாடி மறையும் வரை அடுக்காதீர்கள். நாங்கள் தலையணையை மலையாகக் குவித்துவிட்டு, பின்னால் என்ன வருகிறது என்றே தெரியாமல் சேலம் வரை போனோம். முழு பாரத்துக்கு டயரில் எவ்வளவு காற்று வேண்டும் என்பது ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கும். அதைப் பார்த்து நிரப்பிக்கொள்ளுங்கள்.

"மாத்தி மாத்தி ஓட்டினா ஒரே மூச்சுல போயிடலாம்மா" என்றார் அவர். முந்தைய இரண்டு இரவும் பெட்டி கட்டிவிட்டுத் தூங்காதவர்கள் பேசும் பேச்சு அது. சித்ரதுர்காவிலோ தாவணகெரேயிலோ அறை எடுத்துத் தூங்கிவிட்டுப் போங்கள். வழியில் ஏறக்குறைய பாதி அதுதான். ஃபாஸ்டேக்கில் முந்தின நாளே பணம் போட்டுவிடுங்கள். அது வேலை செய்யாவிட்டால் சுங்கச்சாவடியில் கூடுதல் கட்டணம். 2025 நவம்பர் 15 முதல் யுபிஐயில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு.

சாமானைக் கட்டி ஏற்றி அனுப்பும் பேக்கர்ஸ் விஷயத்தில் ஒன்றுதான் சொல்வேன். வீட்டுக்கு வந்து சாமானைப் பார்க்காமல் போனிலேயே குறைந்த விலை சொல்பவரை நம்பாதீர்கள். எங்களிடம் சாமான் ஏறிய பிறகு "அளவு கூடிடுச்சு" என்று இன்னொரு தொகை கேட்டார்கள். பொருள் அவர்கள் கையில் இருக்கும்போது நாம் என்ன பேரம் பேச முடியும்? எத்தனை பெட்டி, என்னென்ன பொருள், மொத்தம் எவ்வளவு, இன்ஷூரன்ஸ் உண்டா என்று எழுத்தில் வாங்கிய பிறகுதான் முன்பணம்.

கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போக நினைக்க வேண்டாம். சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்தால் டெபாசிட் திரும்பி வரும், ஒரு வவுச்சரும் தருவார்கள். புது ஊரில் இணைப்பு வாங்க அது வேண்டும்; தொலைத்துவிடாதீர்கள்.

வீட்டு ஒப்பந்தத்தில் நம் ஊர்ப் பழக்கம் அங்கே செல்லாது. பதினோரு மாதம் என்று போட்டால் பதிவு செய்ய வேண்டாம் என்று இங்கே சொல்வோம் அல்லவா? மகாராஷ்டிராவில் எத்தனை மாதமானாலும் பதிவு கட்டாயம். எங்கள் குடியிருப்பில் அந்தத் தாளும் போலீஸ் சரிபார்ப்பும் இல்லாமல் சாமானை லிஃப்டில் ஏற்ற விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாமான் ஏற்றவே கூடாது என்று தனி விதி வேறு. நல்லவேளை, லாரி வெள்ளிக்கிழமை வந்தது.

வாகனம்: வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே பதிவை மாற்ற வேண்டும். அதற்கு இங்குள்ள ஆர்டிஓவின் தடையில்லாச் சான்று தேவை. கார் கடன் பாக்கி இருந்தால் வங்கியின் சம்மதமும். ஊரில் இருக்கும்போதே விசாரித்துவிடுங்கள்.

எங்கள் தவறுகளிலேயே பெரியது, எல்லாவற்றையும் அவர் வேலையை வைத்தே முடிவு செய்தது. கம்பெனிக்குப் பக்கம் என்று மோஷியில் வீடு பிடித்தோம். அவருக்குத் திங்கள்கிழமை போக ஓர் இடம் இருந்தது. எனக்குக் காலி வீடும், காவலாளியின் மராத்தியும், என் அரைகுறை இந்தியும். நான் வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்ப்பவள். அந்தக் கட்டடத்துக்கு எந்த இன்டர்நெட் வரும் என்று இருவருமே கேட்கவில்லை. ஒன்பது நாள் மொபைலை வைத்து ஓட்டினேன். கேட்டிருந்தால் வீடு பேசும்போதே ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

அப்புறம், கிரைண்டர். ட்ரம்முக்குள்ளேயே கல்லை விட்டுக் கட்டினால் வழியெல்லாம் உருண்டு ட்ரம்மை நசுக்கிவிடும். கல்லைத் தனியாகத் துணியில் சுற்றித் தனிப் பெட்டியில் வையுங்கள். ஃபிரிட்ஜை முந்தின நாளே அணைத்து, உள்ளே துடைத்துக் காயவிட்டு, நிற்க வைத்தே ஏற்றச் சொல்லுங்கள். இறக்கியதும் சில மணி நேரம் கழித்துத்தான் சுவிட்சைப் போட வேண்டும். முன்பக்கக் கதவு வாஷிங் மெஷினுக்கு, வாங்கியபோது கொடுத்த போல்ட்டுகள் பரணில் எங்காவது கிடக்கும், தேடிப் பாருங்கள். பயணத்தில் உள் ட்ரம் ஆடாமல் பிடிப்பதற்காகத்தான் அவற்றைக் கொடுத்தார்கள். நாங்கள் பழைய இரும்புக்காரரிடம் எப்போதோ போட்டிருந்தோம்.