டைகர் டாங்கிக்கு உலோக அடிப்பாகமும் செயின் இழுவையும்

ஹெங் லாங் கம்பெனியின் 1/16 அளவு ரிமோட் மாடலான டைகர் டாங்கியை (இரண்டாம் உலகப் போர் ஜெர்மன் டாங்கி) உலோக அடிப்பாகத்துக்கு மாற்றும்போது, சர்க்யூட் போர்டின் அடியில் பிளாஸ்டிக் தகடு வையுங்கள். சாலிடர் முனை உலோகத்தில் பட்டால் போர்டு போய்விடும். கியர்பாக்ஸ் ஸ்க்ரூக்களுக்கு நீல லாக்டைட் (ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு போதும்.

அப்புறம் செயின், அதாவது சக்கரங்களைச் சுற்றி ஓடும் கண்ணிப் பட்டை. பொறுமை இதில்தான் வேண்டும். நிஜ டைகரில் செயினைத் தாங்க மேல் உருளைகள் கிடையாது; அது தொய்ந்து சக்கரங்களின் மேலேயே படுத்திருக்கும். மாடலிலும் அந்தத் தொய்வு வேண்டும், எனக்கு அதுதான் அழகு. செயினை இழுத்துப் பிடிக்கும் பின்பக்க ஐட்லர் சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, இரண்டு பக்கமும் ஒரே அளவு வையுங்கள். டைட்டாக இருந்தால் மோட்டார் முனகும், கியர் தேயும். ரொம்பத் தளர்ந்தால், வண்டி திரும்பும்போது செயின் அதை ஓட்டும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பல்லிலிருந்து கழன்றுவிடும். ஐட்லர் கடைசிவரை போயும் செயின் தொங்கினால், கண்ணிகளை இணைக்கும் பின்னைத் (pin) தட்டி எடுத்து ஒரு கண்ணியைக் குறையுங்கள்.