நல்லூர்த் திருவிழாவில் தொண்டுக்கு நிற்கிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தனுக்கு மகோற்சவம் 25 நாள். ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் கொடியேறும். 10ஆம் நாள் மஞ்சத்திலும் 23ஆம் நாள் சப்பறத்திலும் சுவாமி உலா வருவார். 24ஆம் நாள் தேர், மறுநாள் தீர்த்தம். கும்பிட மட்டும் வருகிறவருக்குத் தேரும் தீர்த்தமும் போதும். தொண்டுக்கு வருகிறவர் கொடியேற்றத்தன்றே வந்துவிடுங்கள். முதல் வாரம் சனம் குறைவு, வேலை பழக அதுதான் நேரம். தேரன்று சொல்லித்தர ஒருவருக்கும் கை ஓயாது.

தனியாளாகப் போய் நிற்க வேண்டாம். சாரணர், செஞ்சிலுவைச் சங்கம், தண்ணீர்ப்பந்தல் போடும் சனசமூக நிலையம் என்று ஏதாவது ஒன்றோடு சேருங்கள். கொடியேறினால் இங்கே பல வீடுகளில் மச்சம் (மீன், இறைச்சி) காய்ச்சமாட்டார்கள். அந்த நாட்களில் மீன் ரோல்ஸை வாங்கிக்கொண்டு தங்கும் வீட்டுக்குள் போகாதீர்கள். துடக்கு (தீட்டு) என்றால் கோயிலுக்குப் போவதில்லை. அப்படி ஒருவர் வேலைக்கு வரவில்லை என்றால் காரணம் கேட்டு நிற்காதீர்கள். ஆண்கள் மேலங்கியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகலாம். வேட்டியும் சால்வையும் இருந்தால் போதும்.

தண்ணீர்ப்பந்தலில் பிழை வருவது பெரும்பாலும் தண்ணீரில்தான். யாழ்ப்பாணம் சுண்ணக்கல் நிலம், மேலே ஊற்றுவது விரைவில் கிணற்றில் இறங்கிவிடும். ஆகவே கிணற்றுத் தண்ணீரை முதல்நாள் இரவே கொதிக்கவைத்து, மூடி, ஆறவிடுங்கள். 100 பேருக்கு ஆளுக்கு 200 மில்லிலீற்றர் என்றால் 20 லீற்றர் வேண்டும். மோர் என்றால் தயிர் 4 லீற்றர், தண்ணீர் 16 லீற்றர், உப்பு 80 கிராம், சின்ன வெங்காயம் அரைக் கிலோ, பச்சை மிளகாய் 20, கொஞ்சம் இஞ்சி, கறிவேப்பிலை. வெங்காயத்தையும் மிளகாயையும் மிகப் பொடியாக அரியுங்கள். பெரிய துண்டு சின்னப் பிள்ளையின் தொண்டையில் சிக்கும். முழுவதையும் ஒரேயடியாகக் கரைக்காதீர்கள். வெயிலில் ஒரு மணித்தியாலம் நின்றாலே புளிப்பேறி, மேலே தண்ணீரும் அடியில் தயிருமாகப் பிரியும்.

ஊறுகாய்த் தண்ணிக்கு, உப்பிட்டுக் காயவைத்த தேசிக்காய் (எலுமிச்சை) ஊறுகாயை இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு மணித்தியாலம் ஊறவிட்டுக் கையால் பிசைந்து வடியுங்கள். மிக்சியில் அடித்தால் விதையும் தோலும் அரைபட்டுக் கசக்கும். ஊறுகாயிலேயே உப்பு இருப்பதால் வாயில் வைத்துப் பார்த்த பிறகுதான் மேலதிக உப்பு. அலுமினியக் கிடாரத்தில் புளிப்பானதை வைக்க வேண்டாம், எவர்சில்வர் நல்லது. கோப்பைகளைப் போடப் பந்தலின் இரண்டு பக்கமும் சாக்குக் கட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் கட்டினால் மற்றப் பக்கம் வீதி முழுக்கக் கோப்பைதான்.

வெளிவீதியில் பிரதட்டை அடிக்கிறவருக்குத் துணைபோவது இன்னொரு தொண்டு. அவர் ஈர வேட்டியோடு மணலில் உருண்டு வருவார். இடுப்பில் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், பாதி வழியில் அவிழ்ந்தால் அவருக்கு மானக்கேடு. ஒருவர் முன்னே போய்ச் சனத்தை விலக்க வேண்டும், ஒருவர் தலைமாட்டோடு நடந்து திசை சொல்ல வேண்டும். உருளுகிறவருக்குக் கிறுதி (தலைச்சுற்று) வந்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும், கண்ணிலும் மணல் விழும். அவர் நின்றால் அவசரப்பட்டுத் தூக்காதீர்கள். மூச்சு விட்டுவிட்டுத் தானே தொடருவார். பேச்சுக் குளறினாலோ வாந்தி வந்தாலோ உடனே நிறுத்தி, நிழலில் கிடத்தி, முதலுதவிக்காரரைக் கூப்பிடுங்கள். பெண்கள் உருளமாட்டார்கள், விழுந்து கும்பிட்டு அடியழித்து வருவார்கள். அவர்களுக்குப் பெண் தொண்டரே துணைபோகட்டும்.

தேரன்று சிதறுதேங்காய் குவியும். சிரட்டைச் சில்லு வெறுங்காலைக் கிழிக்கும். தேர் கடந்தவுடன் ஈர்க்குமாற்றால் கூட்டி ஓரத்தில் சேருங்கள், கையால் பொறுக்க வேண்டாம்.

நல்லூரில் பூசை நேரம் பிசகாது. சுவாமி வெளியே வரும் நேரத்தில் வேலை முறை மாற்றாதீர்கள், சனத்துக்குள் நீங்களே அகப்பட்டுவிடுவீர்கள். அரை மணித்தியாலம் முந்தியே மாறுங்கள். தேரன்று குழுவை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி தேரோட்டம் பார்க்க, மற்றப் பாதி ஆறுமுகர் பச்சை சாத்தி (பச்சை அலங்காரத்தோடு) தேரால் இறங்கி வருவதைப் பார்க்க விடுங்கள். இதை முதல்நாளே பேசி முடித்துவிட வேண்டும்.