மாடித்தோட்டத்தைப் பார்க்க ஆட்களைக் கூப்பிடுவதற்கு முன்

"உங்க தோட்டத்தைப் பார்க்க வரலாமா?" என்று கேட்பவர்கள் கூடிவிட்டால், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையை மொத்தமாக ஒதுக்கிவிடுவது சுலபம். செடிகளைச் சீவிச் சிங்காரிப்பது பிறகு. முதல் வேலை தளத்தில்தான்.

1. பாரம்

ஆட்கள் ஏறும் மொட்டைமாடிக்கு இந்தியத் தரவிதி கணக்கில் எடுக்கும் பாரம் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. மண் நிரப்பிச் செடி வளர்க்கும் 12-க்கு 12 அங்குலப் பை ஒன்று, தண்ணீர் குடித்தபின் 15 கிலோவாவது இருக்கும். ஒரு சதுர மீட்டரில் ஒன்பது பை நெருக்கி வைத்தால் 135 கிலோ. அதைச் சுற்றி ஆட்களும் குவிந்தால் தளம் என்ன செய்யும்? நட்டநடுவைக் காலியாக விட்டு, கீழே சுவரோ பீமோ ஓடும் வரிசைக்குப் பைகளை நகர்த்துங்கள். ஒரு தடவைக்கு எட்டுப் பேர், அரை மணி நேரம் போதும். தளத்தில் விரிசலோ ஒழுகலோ இருந்தால் பொறியாளரிடம் காட்டாமல் யாரையும் ஏற்றாதீர்கள்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. ஓரத்துப் பை குழந்தைகளுக்குப் படிக்கட்டு. மூன்றடிக் கைப்பிடிச்சுவர், ஓரடிப் பைமேல் ஏறினால் இரண்டடிதான். அதனால் ஓரத்தில் வலை கட்டிய பாகல், புடலையை வையுங்கள். டிரம், கவிழ்த்த பக்கெட் கூடாது. சுவர்மேல் தொட்டிகள் இருந்தால் இறக்கிவிடுங்கள்.

2. தேதி

ஜனவரி கடைசி ஞாயிறு நல்ல நாள்: மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். தக்காளி, கத்தரி விதைகளை அக்டோபர் நடுவில் மழை படாத இடத்தில், நாற்று வளர்க்கும் குழித்தட்டில் போடுங்கள். வெண்டை டிசம்பர் தொடக்கத்தில் நேராகப் பையில். சிறுகீரை ஜனவரி முதல் வாரம். எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைத்தால், வந்தவர்கள் கம்பாகிப் போன வெண்டையையும் பூத்துப்போன கீரையையும்தான் பார்ப்பார்கள்.

3. கடைசி வாரம்

மீனையும் வெல்லத்தையும் ஊறவைத்துச் செடிக்குத் தெளிக்கும் மீன் அமிலத்தை ஐந்து நாளுக்கு முன்பே நிறுத்துங்கள். அந்த நாற்றத்தில் யாரும் நிற்கமாட்டார்கள். பாசி பிடித்த இடத்தில் பிளீச்சிங் பவுடர் தூவித் தேய்த்துக் கழுவுங்கள்; அந்தத் தண்ணீர் பைக்குள் போகக்கூடாது. நடைபாதை மூன்றடி அகலம். முந்தைய நாள் மாலையே தண்ணீர் விட்டுவிடுங்கள், காலையில் விட்டால் ஈரத்தரை வழுக்கும்.

பெயர்ப்பலகையை மார்க்கரால் எழுதினால் வெயிலில் வெளுத்துவிடும். பிளாஸ்டிக் பட்டையில் பென்சில் நிற்கும். "கத்தரி, பாலூர் 1. விதை அக். 15, நாற்று நட்டது நவ. 12" என்று தேதியோடு எழுதுங்கள். பாதிக் கேள்வி குறையும்.

4. அன்று காலை

ஆறரை முதல் ஒன்பது வரை. மாடிப்படியின் கீழே சோப்பும் தண்ணீரும் வையுங்கள். சொந்தமாகத் தோட்டம் வைத்திருப்பவர்களின் கையிலும் துணியிலும்தான் மாவுப்பூச்சிக் குஞ்சு ஏறி வரும். விதை கொடுப்பதானால் நாட்டு ரகம் மட்டும். ஹைப்ரிட் செடியில் எடுத்த விதை தாயைப்போல வராது. அன்பளிப்பாக வரும் செடியை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் மேலே ஏற்றாதீர்கள். இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே பத்து நாள் வாசலில் கிடக்கட்டும்.