லண்டன் ரவுடிகளுக்குத் தமிழ் சப்டைட்டில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக சப்டைட்டில் எழுத வந்திருக்கும் நான்கைந்து பேரின் கோப்புகளைச் சில மாதங்களாகத் திருத்திக் கொடுத்து வருகிறேன். எல்லோருமே பிரிட்டிஷ் கேங்ஸ்டர் காமெடிப் படங்களின் தீவிர ரசிகர்கள். ஆசையோடு எழுதுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு கோப்பிலும், ஆரம்பத்தில் நான் செய்த அதே தவறுகள். எழுத்துப்பிழை, வரி நீளம், நேரக்குறி பற்றியெல்லாம் இங்கே பேசவில்லை. இரண்டு படம் முடிப்பதற்குள் அவை தானாகப் பழகிவிடும். தானாகச் சரியாகாதவை வேறு.

எல்லா ரவுடிக்கும் ‘டா’ போடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

ஆங்கிலத்தில் ‘யூ’ ஒன்றுதான். நமக்கு நீ, நீங்கள், அப்புறம் டா, டி, அவன், அவர் என்று எத்தனையோ. யார் யாருக்கு எவ்வளவு மரியாதை தருகிறார் என்பதை முதல் வசனத்திலேயே நாம் முடிவு செய்தாக வேண்டும். புதியவர்கள் அங்கே நின்று யோசிப்பதே இல்லை. ஆள் ரவுடி, அதனால் ‘டேய்’.

இந்தப் படங்களின் ருசியே அந்த மரியாதையில்தான் இருக்கிறது. 1955இல் ஈலிங் ஸ்டுடியோவுக்காக அலெக்சாண்டர் மெக்கண்ட்ரிக் இயக்கிய ‘தி லேடிகில்லர்ஸ்’ படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். லண்டன் கிங்ஸ் கிராஸ் பக்கம் தனியாக வாழும் வயதான விதவை மிசஸ் வில்பர்ஃபோர்ஸ். அவர் வீட்டில் பேராசிரியர் மார்கஸ் அறை எடுக்கிறார். அலெக் கின்னஸ் நடித்த பாத்திரம். கூட நான்கு பேர். வாத்தியம் பழகுவதாகச் சொல்லிவிட்டு, கிராமபோனில் பொக்கெரினியின் இசைத்தட்டை ஓடவிட்டு, உள்ளே கொள்ளைக்குத் திட்டம் போடுகிறார்கள். அந்த அம்மா டீ வேண்டுமா என்று கேட்கக் கதவைத் தட்டும்போதெல்லாம் ஆளுக்கொரு வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு பணிவாக நிற்கிறார்கள். பிறகு அவரைக் கொன்றே ஆக வேண்டும் என்ற நிலை வருகிறது. ஐந்து பேரில் ஒருவனுக்கும் கை எழவில்லை.

ஒரு திரைப்படச் சங்கத்துக்காக இந்தப் படத்துக்கு எழுதினேன். கும்பல் தங்களுக்குள் பேசுவது முழுக்க ‘டா’. அந்த அம்மாவிடம் பேசும்போது பாதி ‘நீங்க’, கோபம் வந்தால் ‘ஏய் கிழவி’. திரையிட்ட அன்று அரங்கில் சத்தமே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இடைவேளையில் கேட்டார்: “இவங்க பொறுக்கிங்கன்னு முதல் நிமிஷமே தெரியுது. அந்தம்மா எதுக்கு நம்புறாங்க?”

அவர் கேட்டதுதான் சரி. அந்த அம்மா நம்புவதற்கான காரணத்தையே நான் அழித்திருந்தேன். அடுத்த காட்சி ரத்தானது, வர வேண்டிய பணமும் வரவில்லை. ஒரே ஒரு சொல்லைத் தேடி மாற்றிவிடவும் முடியாது. தமிழில் மரியாதை வினைமுற்றில் உட்கார்ந்திருக்கிறது: வா, வாங்க, சொன்னான், சொன்னார். படம் முழுவதையும் முதல் வரியிலிருந்து திரும்ப எழுதினேன். மூன்று வாரம் தூக்கம் போனது.

இப்போது ஒரு வசனம்கூட எழுதும் முன் தாளில் கட்டம் போடுகிறேன். யார், யாரிடம், எந்தக் காட்சி வரை, நீயா நீங்களா. பேராசிரியர் தன் ஆட்களிடமும் ‘நீங்கள்’தான். கும்பலில் முதிய பெண்களைக் கண்டாலே பிடிக்காத லூயிஸ் மட்டும், அந்த அம்மா காதில் விழாத இடத்தில், அவரைப் பற்றி ஒருமையில் பேசலாம். ‘பாட்டி’ யார் வாயிலும் கிடையாது. பாட்டி என்றதும் நமக்கு உறவு வந்துவிடுகிறது. ‘மேடம்’ போதும்.

1969இல் வந்த ‘தி இத்தாலியன் ஜாப்’ படத்துக்கும் இதே கதை. நோயல் கவர்ட் நடித்த மிஸ்டர் பிரிட்ஜர் ஒரு கைதி. ஆனால் சிறைக்குள் அவர் ராஜா, காவலர்களே பணிந்து நடக்கிறார்கள். போன மாதம் வந்த ஒரு கோப்பில் காவலர் அவரை ‘வாடா’ என்று கூப்பிடுகிறார். அந்த ஒரு எழுத்தில் பாத்திரமே செத்துப்போனது. தயவுசெய்து கட்டம் போடுங்கள்.

காக்னியைச் சொல்லுக்குச் சொல் மாற்றுவது

காக்னி என்பது கிழக்கு லண்டன் பேச்சு. அதில் ஒரு சொல்லுக்குப் பதில் அதோடு எதுகை சேரும் தொடரைச் சொல்வார்கள். ‘ஸ்டேர்ஸ்’ என்பது ‘ஆப்பிள்ஸ் அண்ட் பேர்ஸ்’ ஆகும். ‘ஹெட்’ என்பது ‘லோஃப் ஆஃப் பிரெட்’. பிறகு எதுகை சேரும் பாதியையே விட்டுவிட்டு ‘லோஃப்’ என்று மட்டும் சொல்வார்கள். இது தெரியாமல் ஒரு தம்பி ‘உன் ரொட்டியைப் பயன்படுத்து’ என்று எழுதியிருந்தார். ‘மூளையைக் கொஞ்சம் உபயோகி’ என்பதுதான் பொருள்.

இதற்கு மருந்தாக முழுப் படத்தையும் வடசென்னைத் தமிழில் எழுதுவார்கள். நானும் எழுதியிருக்கிறேன். கண்ணுக்கு லண்டன் தெரிய, காதில் வியாசர்பாடி கேட்கும். ஊர் வாசனை இல்லாத பேச்சுத் தமிழில் எழுதி, அங்கங்கே ஒரு கொச்சைச் சொல் தூவினால் போதும். 1998இல் வந்த ‘லாக், ஸ்டாக் அண்ட் டூ ஸ்மோக்கிங் பேரல்ஸ்’ படத்தில் ஒருவர் கொச்சையிலேயே ஒரு கதை சொல்ல, திரையில் அதற்கு ஆங்கில சப்டைட்டில் ஓடும். அந்த இடத்தில் மட்டும் சுத்தமான எழுத்துத் தமிழ் எழுதுங்கள்.

புரியாததைப் புரியவைப்பது

‘ஸ்னாட்ச்’ படத்தில் பிராட் பிட்டின் மிக்கி பேசுவது எதிரில் நிற்பவர்களுக்கே விளங்காது. அவர்கள் விழிப்பதுதான் அங்கே சிரிப்பு. நீங்கள் பளிச்சென்று தமிழில் போட்டுவிட்டால், பார்ப்பவர் மிக்கியின் பக்கம் போய்விடுகிறார். ஒன்றிரண்டு சொல்லை மட்டும் எழுதி, மற்ற இடத்தில் புள்ளி வையுங்கள்.

‘மங்கி’யைக் குரங்கு ஆக்குவது

லண்டன் கொச்சையில் ‘மங்கி’ என்றால் 500 பவுண்டு. ‘போனி’ என்றால் 25 பவுண்டு.

சிரிப்பை முன்பே காட்டுவது

நடிகர் வாயைத் திறக்கும் முன்பே பார்ப்பவர் வரியைப் படித்துவிடுவார். சிரிப்பு வரவழைக்கும் கடைசிச் சொல் அடுத்த சப்டைட்டிலில் வரட்டும்.

பட்டப்பெயரை யோசிக்காமல் விடுவது

‘லேடிகில்லர்ஸ்’ கும்பலில் ஒன்-ரவுண்ட் என்று ஒரு முரட்டு உடம்புக்காரன். அந்த அம்மாவின் பெயர் அவன் வாயில் நுழையாது, ‘மிசஸ் லாப்சைடட்’ என்பான். கேலி இல்லை, அவனுக்கு அவ்வளவுதான் வரும். முதலில் நான் அப்படியே விட்டிருந்தேன், யாருக்கும் புரியவில்லை. திரும்ப எழுதும்போது ‘கோணலம்மா’ என்று வைத்தேன். வீடும் கோணல், சுவரில் தொங்கும் படங்களும் கோணல், ‘அம்மா’வில் மரியாதையும் இருக்கிறது. பின்பாதியில் அவர்மேல் யாரும் கை வைக்கக் கூடாது என்று மற்றவர்களை எதிர்த்து நிற்பவனும் இவன்தான். அடுத்த வருடம் வேறு ஊரில் திரையிட்டபோது, அதுவரை அந்தப் பெயருக்குச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அந்த இடத்தில் சிரிக்கவில்லை.