அமெரிக்காவில் மேற்படிப்பு: கட்டணத்துக்கு வழி தேடும் புதிய மாணவர்களுக்கு

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் எம்.எஸ். என்ற முதுநிலைப் பட்டம் படிக்க வருபவர்களில் பலர், முதல் செமஸ்டர் கட்டணத்தைக் கல்விக்கடனில் கட்டிவிட்டு, மீதிக்கு ஏதேனும் உதவித்தொகை கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையோடு வந்து இறங்குகிறார்கள். வந்த பிறகு உதவித்தொகைப் பட்டியல்களைத் துழாவுவதால் பெரும்பாலும் பலனில்லை. அமெரிக்க அரசின் மாணவர் கடன், தேசிய அறிவியல் அறக்கட்டளை ஆய்வு மாணவர்களுக்கு நேரடியாக வழங்கும் உதவித்தொகை போன்றவை குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்குமே உரியவை. நமக்கு எட்டக்கூடிய பணம் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே, அசிஸ்டன்ட்ஷிப் என்ற பகுதிநேர உதவியாளர் வேலையாக இருக்கிறது.

பாடம் நடத்த உதவுவதும் விடைத்தாள் திருத்துவதும் டி.ஏ. எனப்படும் டீச்சிங் அசிஸ்டன்டின் வேலை, பேராசிரியரின் ஆய்வு நிதியிலிருந்து சம்பளம் பெற்று ஆய்வில் உதவுபவர் ஆர்.ஏ., அதாவது ரிசர்ச் அசிஸ்டன்ட். அறிவியல், பொறியியல் துறைகளில் பிஎச்.டி. மாணவர்களுக்கு இது பெரும்பாலும் சேர்க்கையோடு சேர்ந்தே வந்துவிடும். அப்படி வராத பிஎச்.டி. இடத்தை ஏற்குமுன் பலமுறை யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து. எம்.எஸ். மாணவர்தான் தேடி அலைய வேண்டியிருக்கிறது. அவர் தம் துறையோடு நின்றுவிடக் கூடாது. கணிதத் துறையும் புள்ளியியல் துறையும் இளநிலை மாணவர்களுக்குப் பெரிய வகுப்புகளை நடத்துவதால் அங்கே திருத்துவதற்கு ஆள் தேவைப்படும். நூலகம், விடுதி நிர்வாகம், கணினி உதவி மையம் ஆகியவற்றிலும் கேட்டுப் பார்க்கலாம். ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று தொடங்கும் ஒரே மின்னஞ்சலை ஐம்பது பேராசிரியர்களுக்கு அனுப்புவதைவிட, ஒருவருடைய ஆய்வுக் கட்டுரையைப் படித்துவிட்டு, அதில் தம்மால் என்ன செய்ய முடியும் என்பதை நான்கு வரிகளில் எழுதி, அவர் மாணவர்களைச் சந்திக்கும் நேரத்தில் நேரிலும் போய்ப் பார்ப்பது மேல். டி.ஏ. வேலைக்கு ஆங்கிலப் பேச்சுத் தேர்வு ஒன்றைப் பல பல்கலைக்கழகங்கள் கேட்பதால், அதை முன்கூட்டியே எழுதி முடித்துவிடுவது நல்லது.

வேலை கிடைத்ததும் நியமனக் கடிதத்தை வரிவரியாகப் படிக்க வேண்டும். அதில் ஐம்பது சதவீதம் என்றிருந்தால் பொதுவாக வாரத்துக்கு 20 மணி நேரம் என்று பொருள். வகுப்புகள் நடக்கும் காலத்தில் எஃப்-1 மாணவர் வளாகத்தில் வேலை செய்யக்கூடிய உச்ச வரம்பும் அதுவே என்பதால், அதற்கு மேல் உணவகத்தில் இன்னொரு வேலையைச் சேர்த்துக்கொள்ள இயலாது. டியூஷன் எனப்படும் படிப்புக் கட்டணம் முழுவதும் தள்ளுபடியா, பாதியா, தனியாக வசூலிக்கும் மற்றக் கட்டணங்களும் மருத்துவக் காப்பீடும் அதில் அடங்குமா, சம்பளம் ஒன்பது மாதத்துக்கா, கோடைக்கும் சேர்த்தா என்பவற்றைக் கையெழுத்திடுமுன் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். வகுப்புகள் ஆகஸ்டில் தொடங்கினாலும் முதல் சம்பளம் செப்டம்பரில்தான் கைக்கு வருவது வழக்கம். கட்டண பில்லோ அதற்கு முன்பே வந்து நிற்கும். தவணையில் கட்டும் வசதி உண்டா என்று கட்டண அலுவலகத்தில் கேளுங்கள். வீட்டு வாடகைக்கும் முன்பணத்துக்கும் கையில் தனியாகப் பணம் இருக்கட்டும்.

முதல் சம்பளச் சீட்டில் ஒன்றைப் பார்க்க வேண்டும். எஃப்-1 மாணவர்களுக்குப் பொதுவாக முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளுக்குச் ஓய்வூதியத்துக்கான சமூகப் பாதுகாப்பு வரியும் முதியோர் மருத்துவத்துக்கான மெடிகேர் வரியும் கிடையாது. இரண்டும் சேர்ந்து 7.65 சதவீதம் என்பதால், தவறுதலாகப் பிடித்திருந்தால் சம்பளப் பிரிவில் உடனே சொல்லித் திரும்பப் பெறலாம். மேலும், இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவின்படி இந்தியாவிலிருந்து வந்த மாணவர் நிலையான கழிவை, அதாவது வருமானத்தில் ஒரு குறிப்பிட்ட தொகைக்கு வரி இல்லாத சலுகையை, கோரலாம். இலங்கையிலிருந்து வந்தவருக்கு இந்தச் சலுகை இல்லை. வருமானமே இல்லாதவரும் 8843ஆம் எண் படிவத்தை அமெரிக்க வரித் துறைக்கு அனுப்ப வேண்டும்.

பணம் பற்றாக்குறையாகும்போது, பெட்ரோல் நிலையத்திலோ இந்திய மளிகைக் கடையிலோ ரொக்கக் கூலிக்கு நிற்கலாம் என்று அறைத் தோழர் எவரேனும் சொல்லக்கூடும். அனுமதியின்றி வளாகத்துக்கு வெளியே வேலை செய்வது விசா நிலையையே பறித்துவிடும் என்பதால் அந்தப் பேச்சுக்குச் செவிகொடுக்க வேண்டாம். அதைவிட, ஊரில் வாங்கிய கடனுக்குப் படிக்கும் காலத்திலேயே வட்டியையாவது கட்டிவந்தால், அது அசலோடு சேர்ந்து பெருகாது. அந்தக் கடன் இந்தியாவில் உங்கள் தாய் தந்தை பெயரில் இருந்து, அவர்கள் பழைய வருமான வரி முறையைத் தேர்ந்திருந்தால், கட்டிய வட்டிக்கு எட்டு ஆண்டுகள் வரை விலக்குக் கோரவும் முடியும்.